மெட்ரோனோம் இல்லாம கிட்டார்ல தாளம் நிக்க என்ன பண்ணலாம்? அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் மதுரையில செல்லூர் பக்கம் மொட்டை மாடில தகர ஷெட் போட்டு சாயங்காலத்துல கிட்டார் சொல்லிக் குடுக்குறேன். பெரிய வித்வான்லாம் இல்ல, சுத்துப்பட்டு கோயில் திருவிழா பாட்டுக் கச்சேரில பத்துப் பன்னெண்டு வருஷம் வாசிச்ச ஆளு, அம்புட்டுதான். வர்ற பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, வாட்சப்புல வாய்ஸ் நோட் போடுறவங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்திக் கேக்குறது ஒண்ணுதான்: "மாஸ்டர், அந்த மெட்ரோனோம் டிக் டிக் சத்தத்தோட வாசிக்கவே முடியல, வேற வழி இருக்கா?" இருக்கு. தனித்தனியா டைப் பண்ணி விரல் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

மெட்ரோனோம் கெட்டதா? அப்புறம் ஏன் எல்லாரும் அதையே சொல்றாங்க?

கெட்டதுலாம் இல்லங்க. 1815ல மேல்ஸல்ங்கிறவரு அதுக்கு பேட்டண்ட் வாங்குன காலத்துலருந்து அது பண்றது ஒரே வேலைதான், ஒரு நிமிஷத்த சமமா வெட்டிக் குடுக்கும். பிரச்சன அதுல இல்ல, நாம அத கேக்குற விதத்துல இருக்கு. எங்கிட்ட ஒம்பதாவது படிக்கிற தம்பி ஒருத்தன், நிமிஷத்துக்கு 70 டிக்குன்னு வச்சு ஒரே ஒரு ஜி கார்டு (ஒண்ணா ஒலிக்கிற சுரக் கூட்டு), டிக்குக்கு ஒரு அடி, வேற ஒண்ணும் கெடையாது. பக்கத்துல உக்காந்து அவன் கையவே பாத்தேன். ஒவ்வொரு தடவையும் பிக்கு, அதான் கம்பிய மீட்டுற சின்ன தகடு, கம்பிக்கு மேல வந்து நிக்குது, டிக் கேட்ட பின்னாடிதான் இறங்குது. ரயில்வே கேட் எப்படா தெறக்கும்னு வண்டிய முறுக்கிகிட்டு நிப்போம்ல, அந்த மாதிரி. ஆப்ப அமத்திட்டு "இப்ப வாசிடா"ன்னேன், ரெண்டாவது வரிக்குள்ள எங்கிட்டோ போயிட்டான். அடுத்த அடி எங்க விழும்னு முன்னாடியே உள்ளுக்குள்ள தெரியணும், அது தெரியாம சத்தத்த கேட்டு கேட்டு அடிச்சா எப்பவும் ஒரு மயிரிழை லேட்டாத்தான் இருப்பீங்க. கீழ நான் சொல்ற எல்லாமே அந்த முன்னாடியே தெரியுற விசயத்த வளக்கத்தான், டிக்குக்குப் பயந்து ஓடுறதுக்கு இல்ல.

காசு செலவு பண்ணாம இப்பவே ஆரம்பிக்கணும், என்ன பண்ண?

வாய். உங்க வாய்தான். மிருதங்கம் கத்துக்கிற பையன் மிருதங்கத்த தொடுறதுக்கு முன்னாடி சொல்லத்தான் கத்துக்கிறான், தகதிமின்னு வாயில நின்னாத்தான் கையில நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நாம கிட்டார்க்காரங்க மட்டும் வாய மூடிகிட்டு நேரா கம்பிக்குப் போயிடுறோம்.

கிட்டார கீழ வைங்க. தொடைல மெதுவா தட்டுங்க, ஒரு தட்டுக்கு "தகதிமி"ன்னு நாலு எழுத்து வர்ற மாதிரி சொல்லுங்க. நாலும் ஒரே கனத்துல வரணும், நெறைய பேருக்கு "தக"ன்னு வெரசா வந்துட்டு "திமி" இழுக்கும், அத மொதல்ல சரி பண்ணுங்க. அது ஒரு நிமிஷம் கொலையாம ஓடுச்சுன்னா தட்டு வேகத்த மாத்தாம "தகிட"க்கு மாறுங்க, தட்டுக்கு மூணு. திரும்ப தகதிமி. இந்த மூணுக்கும் நாலுக்கும் மாறுற எடத்துலதான் எல்லாரும் வழுக்குவாங்க, தட்டுற கை தன்னால வேகம் கூட்டும் இல்ல கொறைக்கும், நீங்களே கவனிச்சுப் பாத்தீங்கன்னா சிரிப்பு வரும். அது நின்னதுக்கப்புறம் கிட்டார எடுத்து இடது கையால கம்பிய லேசா மூடிக்கங்க, சுருதி கேக்கக் கூடாது, வெறும் "ச்சிக் ச்சிக்"தான். வாயில தகதிமி, கையில கீழ-மேல-கீழ-மேல. கடைசியாத்தான் கார்டு. கார்டு புடிச்சதும் வாய் நின்னு போகும், கண்டிப்பா நிக்கும். அப்ப தப்பு கையில இல்ல, வாயிலதான்னு வச்சுகிட்டு திரும்ப மூடுன கம்பிக்கே போங்க.

கூச்சமா இருக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்த, மனசுக்குள்ள எண்ணுனா போதாது. மனசு ஏமாத்தும், கார்டு மாத்துறப்ப நைசா நிறுத்திட்டு திரும்ப ஓட ஆரம்பிக்கும், நமக்கே தெரியாது. வாய் விட்டுச் சொன்னா திணறுறது காதுல கேக்கும்.

எனக்கு கர்நாடக சங்கீதம் தெரியாது, தாளம் போடலாமா?

தாராளமா. ஆதி தாளம் 8 எண்ணிக்கை, மொதல்ல ஒரு தட்டு, மூணு விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு (வீச்சுன்னா கைய திருப்பிப் போடுறது). நாலு ரெண்டு ரெண்டு. உங்க 4/4 பாட்டுல நாலு அடி சேந்தது ஒரு பாரு (bar), ரெண்டு பாரு சேந்தா அது. ஒரு கூடுதல் லாபம் இருக்கு, டிக் டிக்னு ஒரே மாதிரி கேட்டா மூணாவதா நாலாவதான்னு தெரியாம போகும், கைத்தாளத்துல ஒவ்வொரு எடத்துக்கும் ஒவ்வொரு சாட, சுண்டு விரல் தொடுறப்பவே ரெண்டாவதுன்னு தெரிஞ்சுரும். வாசிக்கிறப்ப ரெண்டு கையும் மாட்டிக்கும்ங்கிறதால இது வாசிக்காத நேரத்துல. பஸ்சுல போறப்ப நீங்க படிக்கிற பாட்ட கேட்டுகிட்டே தாளம் போடுங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டுலருந்து திருமங்கலம் போறதுக்குள்ள எத்தன பாட்டு முடிஞ்சுரும்.

கால் தட்டிகிட்டே வாசிக்கிறேன், அது போதும்ல?

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. கஷ்டமான எடம் வர்றப்ப உங்க கால் என்ன பண்ணுதுன்னு வீட்டுல யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க. பத்துல எட்டு பேருக்கு கையி தடுமாறுனா காலும் கூடவே தடுமாறும். அதாவது கால் தாளத்த புடிக்கல, கையத்தான் புடிச்சுகிட்டு போகுது, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. மொதல்ல கால மட்டும் ஒரு நிமிஷம் தட்டுங்க, அது ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கை போய் சேரட்டும், கை தடுமாறுனா நிக்கட்டும், கால் நிக்கக் கூடாது. கட்டச் செருப்பு போட்டு சிமெண்டு தரைல தட்டுனா சத்தம் நல்லா கேக்கும், பஞ்சு செருப்பு ஆகாது.

கார்டு மாத்துறப்ப மட்டும் தாளம் உடையுது. என்ன பண்றது?

எனக்கு வர்ற கேள்வில பாதி இதுதான், அதுலயும் எஃப் கார்டு. விசயம் என்னான்னா, இடது கை லேட்டா வருதேன்னு வலது கை பாவம் பாத்து காத்துகிட்டு நிக்குது. அந்தப் பாவம்தான் பாக்கக் கூடாது. வலது கை கடிகாரத்து பெண்டுலம் மாதிரி கீழ மேல கீழ மேலன்னு போய்கிட்டே இருக்கணும், கம்பில பட்டாலும் படாட்டியும். உதாரணத்துக்கு கீழ, கீழ-மேல, மேல-கீழ-மேலன்னு ஒரு ஸ்ட்ரம்மிங் எல்லாருக்கும் தெரியும், அதுல மூணாவது அடில சத்தம் இல்ல. ஆனா கை அங்கயும் கீழ இறங்கணும், கம்பியத் தொடாம காத்துல. நெறைய பிள்ளைங்க அந்த எடத்துல கைய மேலயே வச்சுகிட்டு நிப்பாங்க, அங்கதான் கோளாறு.

கார்டு மாறுற எடத்துல கடைசி மேலடிய வெறுங்கம்பில அடிச்சுக்கங்க, இடது கை அதுக்குள்ள கெளம்பிரும். கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, கச்சேரில வாசிக்கிற நாங்க எல்லாருமே அதத்தான் பண்றோம். எஃப் முழுசா வரலியா, ரெண்டு கம்பி தட்டையா கேக்குதா, கேக்கட்டும். சுருதி தப்புன ஒரு கார்டு ஒரு செகண்டுல மறந்துபோகும், தாளம் நின்னா ஆடிகிட்டு இருக்கிறவன் திரும்பிப் பாப்பான்.

விரலால மீட்டுறவங்களுக்கு அந்த வேலைய கட்டைவிரல் பாக்கும். மேல இருக்குற மூணு தடிச்ச கம்பில கட்டைவிரல் மாத்தி மாத்தி அடிச்சுகிட்டே இருக்கட்டும், மெலடி கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் அது அசையக் கூடாது. கட்டைவிரல மட்டும் தனியா ஒரு வாரம் வாசிங்க, போரடிக்கும், வாசிங்க.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்த வச்சு பழகலாமா?

நல்ல சாமான் அது. டிக் டிக்னு முள்ளு துள்ளுற கடிகாரம்னா நிமிஷத்துக்கு 60, பேட்டரி சாகுற வரைக்கும் மாறாது. முள்ளு வழுக்கிகிட்டே போற சத்தமில்லாத ரகம் ஆகாது. 60 ரொம்ப மெதுவுன்னு நெனைக்காதீங்க, மெதுவுதான் கஷ்டம், ஏன்னா ரெண்டு டிக்குக்கு நடுவுல ஒரு முழு செகண்டு காலியா கெடக்கு, அத நிரப்புறது உங்க பொறுப்பு. டிக்குக்கு நாலு ஸ்ட்ரோக், அப்புறம் மூணு, அப்புறம் ரெண்டு. நல்லா வந்துருச்சுன்னா இத முயற்சி பண்ணுங்க: டிக்க ஒண்ணாவது அடியா எடுத்துக்காம ரெண்டாவது, நாலாவது அடியா எடுத்துக்கங்க. அப்ப உங்க வேகம் 120 ஆயிரும், ஒண்ணும் மூணும் உங்க மனசுலதான் விழும், கடிகாரம் ஸ்நேர் ட்ரம் (ரெண்டாவது, நாலாவது அடில சுள்ளுன்னு விழுற ட்ரம்) மாதிரி பதில் சொல்லும். மொத நாள் தல சுத்தும்.

60ஐத் தவிர வேற வேகம் வேணும்னா நூல்ல ஒரு பூட்டக் கட்டி ஆணில தொங்க விடுங்க. நெசமாத்தான் சொல்றேன், மெட்ரோனோம் வர்றதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி, 1696லயே பிரான்சுல லூலியேன்னு ஒருத்தரு இப்படித்தான் நூலும் குண்டும் வச்சு வேகம் அளந்துருக்காரு. ஆணிலருந்து பூட்டோட நடு வரைக்கும் 99 செ.மீ. வச்சீங்கன்னா இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணுன்னு நிமிஷத்துக்கு 60. 56 செ.மீ. வச்சா 80. 36 வச்சா 100. 25க்கு வந்தா 120. நீளம் காவாசி ஆனா வேகம் ரெட்டிப்பு, கணக்கு அவ்வளவுதான். பூட்டு கனமா லேசாங்கிறது பிரச்சன இல்ல, கனமா இருந்தா ரொம்ப நேரம் ஆடும். ரொம்ப இழுத்து விடாதீங்க, லேசா விடுங்க. போகப் போக ஆட்டம் சின்னதாகும் ஆனா வேகம் மாறாது, அதுதான் இதுல அழகு. சத்தம் கெடையாதுங்கிறதால நீங்க காத்துகிட்டு நிக்க முடியாது, பூட்டு வர்றத கண்ணால பாத்து அது நடுவுக்கு வர்ற நேரத்துக்கு நீங்களும் போய் சேரணும். மேல சொன்ன ஒம்பதாவது தம்பிக்கு சரியானது இதுலதான், ஷெட்டுல இன்னமும் அந்த பழைய பித்தளப் பூட்டு தொங்குது.

ஃபேன் சத்தம், தறி சத்தம், இதுக்கெல்லாம் வாசிக்கலாமா?

ஃபேன நம்பாதீங்க. எங்க ஷெட்டு ஃபேன் சுத்துக்கு ஒரு தடவ "டொக்"குங்கும், அதுக்கு வாசிக்கச் சொல்லி பிள்ளைங்க விளையாடும், ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் லைட்ட போட்டு வோல்டேஜ் எறங்குனா தாளமும் எறங்கிரும். தறி வேற. எங்க தெருவுல சின்ன வயசுல கைத்தறி சத்தத்துலதான் தூக்கமே, நாடா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுற சத்தம், ஆள் ஓட்டுறதுன்னால ஒரு மூச்சு இருக்கும், நூல் அறுந்தா நிக்கும், திரும்ப அதே வேகத்துல எடுப்பாங்க. நிறுத்திட்டு அதே வேகத்துல எடுக்குறது சாதாரண விசயம் இல்ல, அத அவங்ககிட்ட கத்துக்கலாம். கொத்து பரோட்டா மாஸ்டர் பத்தி ரீல்ஸ்ல எல்லாரும் போடுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா முட்டைய ஊத்துனதும் அவரு வேகம் கூட்டுவாரு. பழகுறதுக்கு ஆகாது, பார்சல் வாங்கிட்டு வந்துருங்க.

வீட்டுல கீபோர்டு இருக்கு, இல்லன்னா எந்த ஆப் நல்லாருக்கும்?

கீபோர்டு இருந்தா வேற ஒண்ணும் தேட வேணாம். ரிதம் பட்டன தட்டுனா நூறு ஸ்டைல் இருக்கும், அதுல ரொம்ப சாதாரணமான எயிட் பீட் ஒண்ண எடுத்து 70, 80ல வைங்க. பேஸும் கார்டும் சேந்து வர்றத அமத்திட்டு ட்ரம் மட்டும் விடுங்க. டிக்க விட ட்ரம் ஏன் நல்லதுன்னா கிக் (கால்ல அடிக்கிற பெரிய ட்ரம்), ஸ்நேர், ஹை-ஹேட் (ஜோடித் தட்டு)னு மூணு சத்தம், எங்க இருக்கோம்னு காதுக்கே தெரியும், அப்புறம் நடுவுல ஓடுற ஹை-ஹேட் உங்களுக்குப் பதிலா தகதிமி சொல்லிரும். அதே காரணத்தாலதான் அது கெடுதலும், சோம்பேறி ஆயிருவோம். அதனால பழகுன பின்னாடி கிக்கும் ஸ்நேரும் மட்டும் இருக்குற ஸ்டைலுக்குப் போங்க.

போன்னா, ஐபோன் வச்சிருக்கவங்களுக்கு கராஜ்பேண்ட்லயே ட்ரம்மர் இருக்கு. ஐரியல் ப்ரோன்னு ஒரு ஆப், காசு குடுத்து வாங்கணும், கார்டு வரிசைய டைப் பண்ணா பேஸு ட்ரம்மு பியானோவோட வாசிக்கும். கர்நாடகப் பக்கம் பழக்கம் இருக்குறவங்க வீட்டுல ராடெல் கம்பெனி தாலோமீட்டர் பெட்டி கெடக்கும், ஆதி ரூபகம் மிஸ்ரசாபுன்னு தாளமெல்லாம் போடும், கிட்டாருக்கும் அது பேஷா ஒத்து வரும். ஒண்ணும் இல்லாட்டி யூடியூப்ல ட்ரம் லூப்னு போட்டு பக்கத்துல வேகத்த அடிங்க, 80ன்னா 80, வந்துரும்.

நேரா பாட்டையே போட்டு கூட வாசிச்சா?

வாசிக்கணும், அதுக்குத்தான் கிட்டாரே வாங்குனது. ஆனா ரெண்டு விசயம். பழைய பாட்டெல்லாம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா உக்காந்து வாசிச்சு பதிவு பண்ணது, காதுல டிக் டிக்னு கிளிக் வச்சு பண்ணதில்ல, சரணத்துல கொஞ்சம் ஓடும், பல்லவிக்கு வர்றப்ப பைய உக்காரும். அது தப்பில்ல, அதுதான் அந்தப் பாட்டோட உசுரு. அதுக்கு கூட வாசிச்சா மனுசனோட சேந்து போகப் பழகுவீங்க, வேகம் அசையாம நிக்கிறதுக்கு இப்ப வர்ற கம்ப்யூட்டர் பாட்டு. ரெண்டும் வேணும், எதுக்கு எதுன்னு தெரிஞ்சு எடுங்க.

ரெண்டாவது, பாட்டுல பாடகரக் கேட்டு வாசிக்காதீங்க, அவரு தாளத்துக்கு முன்னயும் பின்னயும் இஷ்டத்துக்கு போவாரு, அவருக்கு அந்த உரிமை உண்டு. பேஸ் கிட்டாரக் கேளுங்க, இல்லன்னா தபலா. வேகமா இருந்தா யூடியூப்ல 0.75ல வைங்க, சுருதி மாறாது. நல்லா சேந்து வந்துருச்சுன்னு தோணுறப்ப ஒரு வெளையாட்டு: யாரையாச்சும் சத்தத்த முழுசா கொறைக்கச் சொல்லுங்க, நீங்க நிறுத்தாம வாசிங்க, பத்து செகண்டு கழிச்சு திரும்ப ஏத்தச் சொல்லுங்க. பாட்டும் நீங்களும் ஒரே எடத்துல இருந்தா அன்னைக்கு ஜிகர்தண்டா சாப்பிடலாம். மொத தடவ பாட்டு கொஞ்சம் பின்னாடி கெடக்கும், நாம முன்னாடி ஓடிருப்போம். எல்லாருமே ஓடத்தான் செய்வாங்க, பின்தங்குறவங்க கம்மி.

ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா லேட்டா கேக்குமாமே?

கேக்கும், 0.2 செகண்டு பக்கம். ஆனா நீங்க சும்மா அக்கூஸ்டிக் கிட்டார்ல கூட வாசிக்கிறதுக்கு அது பிரச்சனையே இல்ல, எல்லா அடியும் ஒரே அளவு லேட்டாத்தான் வருது, காதுல கேக்குறதுக்கு நீங்க வாசிக்கிறீங்க. திரையில மின்னுற லைட்டப் பாத்து வாசிச்சாத்தான் குழப்பம், அத பாக்காதீங்க. உங்க கிட்டார் சத்தமே ப்ளூடூத் வழியா வருதுன்னா மட்டும் வாசிக்கவே முடியாது, அதுக்கு வயர் போட்ட ஹெட்போன்தான்.

லூப்பர் பெடல் வாங்கலாமா?

கையில காசு இருந்தா நான் இததான் சொல்வேன். நாலு பாரு கார்டு வாசிச்சு கால அமுக்குனா அதையே திரும்பத் திரும்ப போடும், மேல நீங்க லீட், அதான் தனி மெட்டு, வாசிக்கலாம். ஆனா அமுக்குற நேரம் கொஞ்சம் தவறுச்சுன்னா ஒவ்வொரு சுத்துலயும் அதே எடத்துல விக்கும், நொண்டி மாதிரி, உங்க தப்ப நீங்களே இருபது தடவ கேக்கணும். அந்த அவமானம் நல்ல வாத்தியார். ட்ரம் இல்லாத சாதாரண மாடலே போதும்.

எலக்ட்ரிக் வாசிக்கிறவங்க எதிரொலி குடுக்குற டிலே பெடல வச்சும் பழகலாம். 60,000ஐ உங்க வேகத்தால வகுத்தா மில்லிசெகண்டு வரும், 100க்கு 600, 120க்கு 500. அத வச்சு ஒத்த சுரமா வாசிங்க, எதிரொலி உங்க அடுத்த அடியோட சேந்து விழணும். சேரலன்னா கச்சடாவா கேக்கும், உடனே தெரியும்.

நான் தாளத்துல வாசிக்கிறனா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்?

போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. வாசிச்ச உடனே கேக்காதீங்க, உடனே கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மறுநாள் வெள்ளன எந்திரிச்சு கேளுங்க. கேக்குறப்ப கிட்டார தொடாம கால மட்டும் தட்டுங்க, எங்க உங்க கால் தட்டுக்கெடுதோ அங்க தாளம் போயிருக்கு.

இன்னும் துல்லியமா வேணும்னா ஸ்டாப்வாட்ச். பாட்டோட தொடக்கத்துல 16 அடிக்கு எத்தன செகண்டுன்னு பாருங்க, கடைசில 16 அடிக்கு எத்தனன்னு பாருங்க. 80 வேகத்துல 16 அடிக்கு 12 செகண்டு. கடைசில 11 வந்தா நீங்க 87க்கு போயிட்டீங்க. ஒத்த செகண்டு தானேன்னு தோணும், கேக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும். கம்ப்யூட்டர் இருந்தா ஆடாசிட்டின்னு இலவச சாப்ட்வேர், அதுல போட்டா ஒவ்வொரு அடியும் முள்ளு முள்ளா நிக்கும், முள்ளுக்கு முள்ளு இடைவெளி சமமான்னு கண்ணாலயே பாத்துக்கலாம். எனக்கு அதப் பாத்துத்தான் ஒண்ணு புரிஞ்சுச்சு: நான் ஓடுறது கஷ்டமான எடத்துல இல்ல, கஷ்டமான எடம் முடிஞ்ச உடனே வர்ற லேசான எடத்துல. தப்பிச்சோம்டா சாமின்னு கை பறக்குது. நீங்களும் உங்க ரெக்கார்டிங்ல அந்த எடத்த மொதல்ல தேடுங்க.

6/8 பாட்டு மட்டும் வரவே மாட்டேங்குது, ஏன்?

மதுரக்காரங்க இத கேக்கக் கூடாதுங்க. முளைப்பாரி கும்மி பாத்துருப்பீங்கல்ல, நம்ம ஆச்சிமாரு சுத்தி வந்து குனிஞ்சு நிமிந்து கொட்டுறது தகிட தகிடதான், மூணும் மூணும் ஆறு, அதான் 6/8. கிட்டார எடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுல வயசானவங்க யாராச்சும் இருந்தா அவங்கள ஒரு கும்மி பாடச் சொல்லி கூட கொட்டிப் பாருங்க. எங்க அம்மாச்சிக்கு மெட்ரோனோம்னா என்னான்னே தெரியாது, அரை மணி நேரம் கொட்டுனாலும் எடுத்த எடமும் விட்ட எடமும் ஒரே வேகம், நடுவுல வெத்தல கேக்கும், பேரன வையும், கை மட்டும் நிக்காது.

அப்புறம் கிட்டார்ல கீழ-மேல-கீழ, மேல-கீழ-மேல. இதுல சிக்கல் என்னான்னா மொத அழுத்தம் கீழடில விழுது, ரெண்டாவது அழுத்தம் மேலடில விழுது. மேலடிய அழுத்தி அடிக்க நம்ம மணிக்கட்டுக்குப் பழக்கமில்ல. மூடுன கம்பில அந்த ரெண்டாவது "த"வ மட்டும் ஓங்கி அடிச்சு பழகுங்க. நையாண்டி மேளம் எங்க கேட்டாலும் நின்னு தவிலக் கேளுங்க, ஒரே ஓட்டத்துல மூணுக்கும் நாலுக்கும் எப்படி மாறுறாங்கன்னு.

ஆளுங்களோட சேந்து வாசிச்சா தன்னால வந்துருமா?

தன்னாலலாம் வராது, ஆனா வேற எதுலயும் வராதது அதுல வரும். எனக்கு இருபது வயசுல மேலூர் பக்கம் ஒரு ஊர் திருவிழாக் கச்சேரி. பெரிய ஸ்டேஜ், கூட்டம், குத்துப்பாட்டு. மொத பாட்டுலயே கை பறந்துருச்சு, நான் இழுக்க இழுக்க பேட் (எலக்ட்ரானிக் ட்ரம்) வாசிச்ச அண்ணனும் வேற வழியில்லாம கூடவே வர்றாரு, பாடுனவரு ரெண்டாவது சரணத்துல பாதி வார்த்தைய முழுங்கிட்டு மைக்க கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டாரு. ஜனம் என்னமோ நம்மள பாடச் சொல்றாருன்னு சந்தோசமா கத்துது. ராத்திரி ரெண்டு மணிக்கு வேன்ல ஏறுறப்ப பேட் அண்ணன் திட்டுவாருன்னு பயந்து ஓரமா நின்னேன். "தம்பி, நீ என் கையவும் பாக்கல, உன் கையவும் பாக்கல. பாடுறவரு எங்க மூச்சு விடுறாருன்னு பாத்து வாசி, அங்க எடம் விடு"ன்னாரு. அதுலருந்து பழகுறப்பவும் பாடிகிட்டே வாசிக்கிறேன், மூச்சு முட்டுனா நான் ஓடுறேன்னு அர்த்தம்.

உங்களுக்கு கச்சேரி இல்லாட்டியும் மிருதங்கமோ கஹோனோ (மேல உக்காந்து தட்டுற மரப்பெட்டி) கத்துக்கிற ஒரு ஆள பக்கத்துத் தெருவுல புடிங்க. அவங்களுக்கும் ஆள் வேணும், தேடிகிட்டுதான் இருப்பாங்க.

காம்பவுண்டு வீடு, ராத்திரி சத்தம் போட முடியாது?

பூட்டு பெண்டுலம் இருக்கே. அது போக மணிக்கட்டுல கட்டுற அதிர்வு மெட்ரோனோம்னே விக்கிறாங்க, சவுண்ட்ப்ரெனர்னு, டிக்குப் பதிலா தோல்ல தட்டும். நான் ஒருத்தர்கிட்ட வாங்கி கட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, குடுக்குற காசுக்கு ரெண்டு வருஷத்துக்கு கம்பி வாங்கலாமேன்னு திருப்பிக் குடுத்துட்டேன்.

எத்தன நாள்ல தாளம் நிக்கும்?

தேதி சொன்னா பொய். தினமும் பத்து நிமிஷம் தாளத்துக்குன்னு தனியா, அதுல பாதி வாய், பாதி மூடுன கம்பி. ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம்னு உக்காராதீங்க.

அப்ப மெட்ரோனோம் ஆப்ப அழிச்சுரலாமா?

இருக்கட்டும். வாரத்துக்கு ஒருக்கா எடை மெஷின்ல ஏறுற மாதிரி ஏறிப் பாருங்க. வேகத்த பாதியா வைங்க, பாட்டு 90ன்னா 45, அத ரெண்டாவது, நாலாவது அடில விழ வைங்க. சில ஆப்ல ரெண்டு பாரு அடிச்சுட்டு ரெண்டு பாரு மவுனமா இருக்குற வசதி இருக்கு, அது கெடச்சா விட்டுராதீங்க, மவுனம் முடிஞ்சு டிக் வர்ற எடத்துல நீங்க இருக்கீங்களாங்கிறதுதான் கேள்வியே.

என் பொண்ணுக்கு 7 வயசு, இதெல்லாம் அவளுக்குப் புரியுமா?

பாப்பாவுக்கு கிட்டாரே வேணாம் இதுக்கு. ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் குடுங்க, குதிக்கிறப்ப ஒரு குதிக்கு "தகதிமி" சொல்லச் சொல்லுங்க, கயிறு தாளம் தப்பவே விடாது, தப்புனா கால்ல மாட்டும். கயிறு வேணாம்னா சொட்டாங்கல், கல்ல மேல போட்டு கீழ வர்றதுக்குள்ள "தகிட". எங்கிட்ட வர்ற ஒரு அம்மா இத கேட்டுட்டுப் போயி மாடி ஹால்லயே பிள்ளைய குதிக்க விட்டுட்டாங்க, கீழ் வீட்டுக்காரங்க கரண்டியோட ஏறி வந்துட்டாங்களாம். வாசல்ல குதிக்கச் சொல்லுங்க.